பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை விற்போர் விளம்பரத்தில் சொல்ல வேண்டியவை

மலேசியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சென்னைக்குக் குடிவரும் நம்மவர்களில் சிலருக்கு, பூர்வீகச் சொத்தோடு தாத்தாவின் 12 போர் (குழல் விட்டத்தைக் குறிக்கும் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கியும் வந்து சேர்வதுண்டு. உரிமதாரர் இறந்தபின் அதை வீட்டு அலமாரியில் வைத்திருப்பது குற்றம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ அதை ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைத்த பிறகு, உரிமம் உள்ள ஒருவருக்கு அதை விற்கச் சட்டம் இடம் தருகிறது. சென்னை மாநகரில் உரிமம் தரும் அதிகாரி காவல் ஆணையர் என்பதால், நடைமுறையை வேப்பேரியிலுள்ள அவரது அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

விளம்பரத்தில் முதலில் சொல்ல வேண்டியது தோட்டா அறையின் நீளம். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மில்லிமீட்டர்தான். இன்று பரவலாகக் கிடைக்கும் 70 மில்லிமீட்டர் தோட்டா அதனுள் தடையின்றி நுழைந்துவிடும், ஆனால் சுடும்போது அதன் வாய்மடிப்பு, அதாவது தோட்டாவின் முனையை மூடியிருக்கும் மடிப்பு, முழுதாக விரிய இடமில்லாததால் குழலுக்குள் அழுத்தம் ஏறிவிடும். வாங்குபவரின் கைவிரல்களும் கண்களும் இந்த ஒரு எண்ணை நம்பியிருக்கின்றன என்பதால், "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதி நிறுத்திக்கொள்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இரும்பும் எஃகும் முறுக்கிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழல் என்றால், அது கரிமருந்து (புகை மிகுந்த பழைய வெடிமருந்து) காலத்தில் செய்யப்பட்டது என்பதைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.

துப்பாக்கியை ஒப்படைத்த வியாபாரியிடமே குழல்களைக் கழற்றி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்கச் சொல்லலாம். உட்புறத்தில் துருவால் விழுந்த குழிகள், வெளிப்புற நசுங்கல், கட்டையில் ஆணி அடித்து ஒட்டிய விரிசல், மூடியபின்னும் குழலுக்கும் பின்தகட்டுக்கும் இடையே தெரியும் இடைவெளி, பாதுகாப்புப் பூட்டின் தளர்வு ஆகிய அனைத்தையும் எழுதிப் படமும் இணைக்க வேண்டும். குழலைச் சுட்டுச் சோதித்ததற்கு அடையாளமாக அதில் பொறிக்கும் சோதனை முத்திரைகளின் படம் தெளிவாக இருக்கட்டும். குழல் பின்னாளில் வெட்டிக் குறுக்கப்பட்டதா என்பதையும் மறைக்கக் கூடாது. உரிமமின்றிக் குழலைக் குறுக்குவதே குற்றம்.

வரிசை எண்ணையும் வீட்டு முகவரியையும் பொதுவெளியில் போடாதீர்கள். உரிமத்தைக் காட்டிய வாங்குபவருக்கு மட்டும் எண்ணைக் கொடுங்கள். நீங்களே உரிமதாரராக இருந்து நேரடியாக விற்பதானால், மாவட்ட ஆட்சியருக்கோ (சென்னை மாநகரில் காவல் ஆணையருக்கோ) அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாட்கள் கழிந்த பின்னரே கைமாற்ற முடியும் என்பதை விளம்பரத்திலேயே சொல்லிவிட்டால், அவசரப்படுபவர்கள் முன்பணத்தோடு வந்து நெருக்கமாட்டார்கள்.