ஸ்கைரிமில் விடுதி அறை எப்போது எடுப்பது?

ஸ்கைரிம் என்ற வீடியோ கேம் ஆடுபவர்கள் பலர் கண்ட இடத்தில் படுத்துவிடுகிறார்கள். குகையில் கிடக்கும் பாயில் உறங்கி எழுந்தால் திறன்கள் 5 சதவீதம்தான் வேகமாக வளரும். 10 தங்கக் காசு கொடுத்து விடுதியில் அறை எடுத்தால் அதுவே 10 சதவீதம். ஆனால் இந்தப் பலன் விளையாட்டு நேரப்படி 8 மணி நேரம்தான் தாங்கும். நம் கடிகாரத்தில் சுமார் 24 நிமிடம். வைட்ரன் நகரில் தூங்கிவிட்டு, வரைபடத்தைத் தட்டி ஒரே தாவலில் தொலைவிலுள்ள ரிஃப்டன் நகருக்குப் போனால், அந்தப் பயணத்துக்கும் விளையாட்டு நேரம் ஓடுவதால் பலன் வழியிலேயே கரைந்துபோகலாம். அதனால் முதலில் ஊர் போய்ச் சேருங்கள், அப்புறம் தூக்கம், எழுந்த கையோடு சண்டையோ கொல்லுப்பட்டறையோ. ஓநாய் மனிதராக மாறியிருந்தால் இந்தச் சலுகையே கிடையாது, காசாவது மிச்சம். விடுதிக்காரரிடம் ஊர்வம்பு கேளுங்கள். புது வேலை ஏதாவது சிக்கும்.