நெல்லை வெயிலில் அலங்கார வெங்காயப் பூ

ஊதா உருண்டையாகப் பூக்கும் அலங்கார வெங்காயத்துக்கு, அதாவது அல்லியத்துக்கு, 10 முதல் 12 வாரம் நல்ல குளிர் வேண்டும். பாளையங்கோட்டையில் அதற்கு எங்கே போக? புரட்டாசி கடைசியில் கிழங்குகளைக் காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்துவிடுங்கள். பக்கத்தில் வாழைப்பழம் கூடவே கூடாது. பழுக்கும்போது வரும் எத்திலீன் வாயு உள்ளே உறங்கும் மொட்டைக் கெடுத்துவிடும். மார்கழிக் கடைசியில், அடைமழை ஓய்ந்ததும், வெளியே எடுத்து ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருப்பதை ஒதுக்கிவிட்டு, கெட்டியானதைத் தொட்டியில் நடலாம். வெறும் கரிசல் மண்ணில் நீர் தேங்கி அழுகிவிடும், மணல் தாராளமாகக் கலக்கவும். கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம், முனை மேலே. இவ்வளவு பாடு முடியாதென்றால் மழை லில்லி நடுங்கள். அது நம்ம வெயிலைத் தாங்கி, ஒரு மழைக்கே பூத்துவிடும்.