மெக்ரிட்சி நீர்த்தேக்கம்: பிள்ளைகளோடு ஒரு முழுச் சுற்று

மலைமேல் ஏரி வேண்டுமென்றால் சிங்கப்பூரில் கிடைக்காது. இங்கு ஆக உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டர்தான். காட்டுக்கு நடுவே நீர், அதைச் சுற்றி அரை நாள் நடை என்றால் மெக்ரிட்சிதான்.

1. தூரத்தை முடிவு செய்யுங்கள்

முழுச் சுற்று ஏறத்தாழ 11 கிலோமீட்டர். பெரியவர்கள் மூன்று நான்கு மணி நேரத்தில் முடித்துவிடலாம். எட்டு வயதுப் பிள்ளை கூட வந்தால் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறியவர்கள் என்றால் நீரோரப் பலகைப் பாதையில் 40 நிமிடம் போய், வந்த வழியே திரும்புங்கள், போதும். வேரும் படியுமாக இருப்பதால் தள்ளுவண்டி ஓடாது.

2. முந்தின இரவு

முதலில் ஷூ. அலமாரியில் வெகுநாள் கிடந்த ஜோடியை எடுத்து, அடிப்பாகத்தை இரு கையாலும் வளைத்துப் பாருங்கள். ஓரம் பிளந்தாலோ மாவாக உதிர்ந்தாலோ அது வேண்டாம். பாலியூரித்தேன் அடிப்பாகம் நம் ஊர் ஈரப்பதத்தில் சும்மா கிடந்தே இற்றுப்போகும். பார்க்கப் புதிதாக இருக்கும், மூன்றாவது கிலோமீட்டரில் வாயைப் பிளக்கும். எதற்கும் ஒரு பழைய ஷூ கயிறு பையில் இருக்கட்டும், பிளந்ததை வரிந்து கட்டிக்கொண்டு நடக்கலாம்.

தண்ணீர் பெரியவருக்கு ஒன்றரை லிட்டர், பிள்ளைக்கு ஒரு லிட்டர். பாட்டிலில் பாதி நிரப்பி, படுக்கவைத்து உறையவிடுங்கள். காலையில் மீதியை ஊற்றினால் நண்பகல்வரை குளிர்ச்சி நிற்கும். சாப்பாட்டுக்குப் புளியோதரை. தயிர்சாதம் இந்த வெக்கையில் பதினொரு மணிக்கே புளித்துவிடும்.

3. குரங்குகள்

எல்லாவற்றையும் ஜிப் வைத்த முதுகுப்பைக்குள் வையுங்கள். கையில் பிளாஸ்டிக் பை தொங்கக் கூடாது. பையென்றால் தீனி என்று இங்குள்ள நீண்ட வால் குரங்குகள் பழகிவிட்டன, உள்ளே குடைதான் இருந்தாலும் பாய்ந்து பிடுங்கும். அப்படிப் பிடித்தால் இழுபறி வேண்டாம், விட்டுவிடுங்கள். பல்லைக் காட்டினால் அது சிரிப்பில்லை. கண்ணுக்குக் கண் பார்க்காமல், ஓடாமல், பிள்ளையைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். தீனி போட்டால், முதல்முறையே 5,000 சிங்கப்பூர் வெள்ளிவரை அபராதம்.

4. புறப்பாடு

கால்டிகாட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே பூங்காவுக்கு வரலாம். காட்டுப் பாதைகள் காலை 7 மணிக்குத் திறக்கும். ஏழரைக்குள் நடக்கத் தொடங்குங்கள். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், அதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். பேடல் லாட்ஜ் என்ற படகு நிலையத்தின் பக்கமாகத் தொடங்கினால் கடினமான பகுதி முதல் பாதியிலேயே முடிந்துவிடும்.

5. ட்ரீடாப் வாக்

சுமார் நாலரை கிலோமீட்டரில் வனக்காவலர் நிலையம் வரும். கழிப்பறையும் தண்ணீரும் அங்கே உண்டு. முடிவெடுக்க வேண்டிய இடமும் அதுதான். பிள்ளை இங்கேயே சிணுங்கினால் வீனஸ் டிரைவ் வழியாக வெளியேறுங்கள். இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் நீண்ட நடைதான்.

ட்ரீடாப் வாக் என்பது மரங்களுக்கு மேலே போகும் தொங்கு பாலம். அதன் நீளம் 250 மீட்டர், ஆக உயர்ந்த இடத்தில் காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர். ஒருவழிப் பாதை, நடுவில் பயந்தாலும் திரும்ப முடியாது. ஆகவே ஏறுமுன் பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள். முன்னால் போகிறவருக்குச் சற்று இடைவெளி விட்டால் ஆட்டம் குறையும். திங்கட்கிழமை மூடியிருக்கும், பொது விடுமுறை என்றால் திறந்திருக்கும். மழைக்கும் மூடுவார்கள். பராமரிப்பு மூடல் உண்டா என்று தேசியப் பூங்காக் கழக இணையத்தளத்தில் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

பாலம் முடிந்ததும் வரும் படிகளில்தான் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். கடலை மிட்டாயை அதுவரை வெளியே எடுக்காதீர்கள்.

6. திரும்பும் வழி

கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய பகுதியில் வெயில் நேராக அடிக்கும், தொப்பி போடுங்கள். வழியில் வரும் வழிகாட்டிப் பலகைகளைப் படம் எடுத்துக்கொண்டே போங்கள். அவசர உதவிக்கு 995ஐ அழைக்க நேர்ந்தால் நிற்கும் இடத்தைச் சொல்ல அது உதவும். கடைசியில் லோர்னி பாதை சுலபம்.

முடித்ததும் கால் நனைக்க நீரில் இறங்க விடாதீர்கள். அது குடிநீர்த் தேக்கம், இறங்கத் தடை. சேற்றுக் காலைப் பூங்காக் குழாயில் கழுவி, பையில் வைத்திருக்கும் மாற்றுக் காலுறையைப் போட்டுவிடுங்கள்.