நாள்பட்ட வலிக்கு அறிதுயிலும் மூளைத் தூண்டலும்: முறையாகக் கையாளும் வழி

மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அறிதுயிலையோ (ஹிப்னாடிசம்), காந்தத்தாலோ மின்னோட்டத்தாலோ செய்யும் மூளைத் தூண்டலையோ நாட நினைப்பவர், அந்த வலியின் காரணத்தை முதலில் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். இவை இரண்டும் வலி உணரப்படும் விதத்தை மாற்றுமே தவிர, நசுங்கிய நரம்பையோ சீழ் கட்டிய பல்லையோ குணப்படுத்துவதில்லை. உடல் எடை குறைவதோடு சேர்ந்த வலியும், கால் மரத்துப்போய்ச் சிறுநீரை அடக்க முடியாமல் போகும் முதுகுவலியும் உடனே மருத்துவமனையில் பார்க்கப்பட வேண்டியவை. அவற்றை அறிதுயிலால் அமுக்கி வைப்பது ஆபத்து.

அடுத்து ஒரு சிறு குறிப்பேடு தேவை. அதில் ஒவ்வொரு நாளும் 0 முதல் 10 வரை இரண்டு எண்களை எழுத வேண்டும்: வலி எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பது ஒன்று, அது எவ்வளவு வதைக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றே என்று தோன்றலாம். ஆனால் மூளை இவற்றைத் தனித்தனியாகவும் கையாளக்கூடியது. 1997-இல் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள், அறிதுயிலில் இருந்தவர்களின் கையைச் சுமார் 47 டிகிரி வெந்நீரில் வைக்கச் செய்து, அதன் வேதனை குறைகிறது என்று சொன்னபோது, சூட்டின் கடுமை பெரிதும் மாறாமலேயே வேதனை குறைந்தது. வலியின் வேதனையை உணர்வதில் பங்குள்ள, மூளையின் முன்புற வளையப் பகுதியின் செயல்பாடும் அதற்கேற்ப மாறியது. ஒரே எண்ணை எழுதுபவருக்கு இந்த மாற்றம் கண்ணில் படாமலே போய்விடும்.

அறிதுயில் என்பது தூக்கமும் அல்ல, மேடையில் ஒருவரைக் கோழிபோல் கூவச் செய்யும் வித்தையும் அல்ல. கவனம் ஒரே இடத்தில் குவிந்து, சுற்றியிருப்பவை பின்னுக்குப் போகும் நிலை அது. ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், மயக்க மருந்து புழக்கத்துக்கு வருமுன்னரே, 1845 முதல் வங்கத்தின் ஹூக்ளியில் இதன் முன்னோடியான மெஸ்மெரிசத்தைக் கொண்டு அறுவைகள் செய்தார். ஆனால் எல்லோரும் இதற்கு ஒரே அளவில் வசப்படுவதில்லை. ஆய்வகத்தில் உண்டாக்கப்பட்ட வலியைப் பற்றிய 85 சோதனைகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஆய்வில், எளிதில் வசப்படுவோருக்கு 42 விழுக்காடும், நடுத்தரமானோருக்கு 29 விழுக்காடும் வலி குறைந்திருந்தது. வசப்படாதோருக்குக் கிடைத்த பயன் சொற்பம். ஆகவே நாலைந்து அமர்வுகளில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

முதல் சில அமர்வுகளை, இதில் பயிற்சி பெற்ற மருத்துவர் அல்லது மருத்துவ உளவியலாளரிடம் செய்வது நல்லது. மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்கள் மனநல மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. பிறகு வீட்டில் தானே பழகலாம். சாய்ந்து உட்கார்ந்து, கைப்பேசியை அணைத்துவிட்டு, கண்மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள ஒரு புள்ளியை இமை கனக்கும்வரை பார்த்திருந்து, மூச்சை வெளிவிடும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மனத்தில் பத்துப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் உடல் தளர்வதைக் கவனிக்க வேண்டும். அதன்பின் மனத்துக்குத் தரும் யோசனை வலியின் தன்மைக்குப் பொருந்த வேண்டும்: எரிச்சலுக்குக் குளிர்ந்த நீர், இறுக்கத்துக்கு அவிழும் கயிறு என்று. பலருக்குக் கைகொடுப்பது மரப்பு முறைதான்: பல் மருத்துவரின் ஊசிக்குப் பின் வரும் மரப்பை ஒரு கையில் வரவழைத்து, அந்தக் கையை வலிக்கும் இடத்தில் வைத்து, மரப்பு அங்கே பரவுவதாக உணர்வது. ‘வலிக்கவில்லை’ என்று சொல்லிக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தச் சொல்லே கவனத்தை வலியிடம் இழுத்துவிடும். முடிக்குமுன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, பின்னர் எப்போது அப்படிச் சேர்த்தாலும் இதே இதம் திரும்பும் என்று சொல்லிக்கொண்டு, ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணிக் கண்விழிக்கலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது மட்டும் செய்பவருக்கு இது கைவராது. தினமும் பதினைந்து நிமிடம், வலி அடங்கியிருக்கும் வேளையிலும் பழக வேண்டும். வண்டி ஓட்டும்போது கூடவே கூடாது.

மூளைத் தூண்டலை மருத்துவமனையில்தான் செய்துகொள்ள வேண்டும். 1985-இல் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் குழுவினர் உருவாக்கிய காந்த முறையில், தலைமேல் வைக்கப்படும் சுருளிலிருந்து வரும் துடிப்புகள் மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தை எழுப்புகின்றன. நரம்பு சேதத்தால் வரும் வலிக்கு, வலிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க இயக்கப் புறணியில் (உடல் அசைவுகளை இயக்கும் மூளை மேற்பரப்புப் பகுதி) விநாடிக்குப் பத்துத் துடிப்பு என்ற அளவில் தருவதற்கே சான்று வலுவாக உள்ளது. சாதாரண முதுகுவலிக்கு இதில் பணம் செலவழிக்குமுன் நன்கு யோசிக்க வேண்டும். தலைக்குள் உலோகத் துண்டு, காதில் பதித்த கேள்கருவி, இதய முடுக்கி, வலிப்பு நோய், கர்ப்பம் ஆகியவற்றையும், உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வலிப்பு வருவது அரிது என்றாலும் முழுதும் இல்லாததன்று. காதணி, கொண்டை ஊசி ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, காதடைப்பு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தொடக்கத்தில் விரல் துள்ளினால் பயப்பட வேண்டாம். உங்களுக்கான அளவை மருத்துவர் அதைப் பார்த்தே கணிக்கிறார்.

நேர்மின்னோட்ட முறை இன்னும் மென்மையானது. தலையில் வைக்கும், உப்புநீரில் நனைத்த பஞ்சுகள் வழியே 1 முதல் 2 மில்லியாம்பியர், சுமார் 20 நிமிடம். அன்று தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகக் கூடாது, எண்ணெய்ப் பசை மின்தொடர்பைக் கெடுக்கும். லேசான அரிப்பு இயல்பு. சுள்ளென்று எரிந்தால், பஞ்சு உலர்ந்து தோல் புண்ணாகலாம் என்பதால், உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். கருவி எளிமையானது என்பதால் பேட்டரியைக் கொண்டு வீட்டில் செய்து பார்க்கும் ஆசை சிலருக்கு வருகிறது. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது: மின்முனை சில அங்குலம் நகர்ந்தாலே தூண்டப்படும் பகுதி வேறாகிவிடும்.

இரண்டையும் இணைக்க முடியுமா என்பதையும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சோதித்திருக்கிறார்கள். 2024-இல் வெளியான அந்த ஆய்வில், உடல் முழுதும் பரவிய நாள்பட்ட வலி நோயான ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 80 பேரில் ஒரு பகுதியினருக்கு நெற்றியின் இடப்புறத்துக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியில் மொத்தம் 92 விநாடி காந்தத் தூண்டல் தரப்பட்டபோது, அவர்கள் அறிதுயிலுக்கு வசப்படும் தன்மை சற்றுக் கூடியது. ஒரு மணி நேரத்தில் அது பழைய நிலைக்குத் திரும்பியது. அங்கு அளக்கப்பட்டது வசப்படும் தன்மைதான், வலி குறைந்ததா என்பது அல்ல. இதை இன்றே ஒரு சிகிச்சையாக யாராவது விற்க வந்தால் இந்த வேறுபாட்டைக் கேட்டுப் பார்க்கலாம்.