பாதி வெட்டிய அறிவிப்பும் பாதி பார்த்த ஊரும்: பொதுச் சுகாதாரம் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படிப்பு முடியும் தறுவாயில் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. பக்கத்து மாவட்டத்தில் ஒப்பந்த வேலை, சம்பளம் இவ்வளவு, கடைசித் தேதி இது. அந்தத் தேதியன்று மதியம் மன்னார்குடி தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட்டில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். நேர்காணல் பட்டியலில் என் பெயர் இல்லை. விசாரித்தபோதுதான் முழு அறிவிப்பையே முதன்முறையாகப் பார்த்தேன். விண்ணப்பம் அன்று மாலை 5 மணிக்குள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும், அஞ்சல் தாமதம் ஏற்கப்படாது என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. எனக்கு வந்த படமோ முதல் பக்கத்தின் மேல்பாதி.

திருவாரூர் நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகத்தில் நோய்ப்பரவலியல் (நோய் யாருக்கு, எங்கே, ஏன் பரவுகிறது என்று ஆராயும் துறை) படிப்பவர்கள், புதுச்சேரி ஜிப்மரில் எம்.பி.ஹெச். என்ற பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பைப் படிக்கும் காரைக்கால், நாகைப் பிள்ளைகள், நர்சிங்கோ பல் மருத்துவமோ முடித்துவிட்டுப் பொதுச் சுகாதாரத்தின் பக்கம் வர நினைப்பவர்கள் என்று டெல்டாவில் இப்போது இந்தத் துறைக்கு ஆள் இருக்கிறது. வாய்ப்புச் செய்திகளும் வருகின்றன. ஆனால் பலர் வாய்ப்பைத் தவறவிடுவது திறமை போதாமல் அல்ல. அறிவிப்பைப் பாதி படிக்கிறார்கள். களத்துக்குப் போனால் ஊரைப் பாதி பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே பழக்கம் என்பது என் எண்ணம்.

பதவியின் பெயரை நம்புவது

'எபிடெமியாலஜிஸ்ட்', அதாவது நோய்ப்பரவலியலாளர், என்று பார்த்ததும் நமக்கான வேலை என்று துள்ளிவிடுகிறோம். பல அறிவிப்புகளில் அந்தப் பதவிக்கு எம்.பி.பி.எஸ். கட்டாயம், சிலவற்றில் உயிரியல் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். ஒரே பெயர், இரண்டு அறிவிப்புகளில் இரண்டு தகுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குறுகிய கால மாணவர் ஆய்வு உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களை மனத்தில் வைத்து உருவான திட்டம் அது. எம்.பி.ஹெச். மாணவர்கள் அதற்காக ஆய்வுத் திட்டம் எழுதி, வழிகாட்டியின் கையெழுத்தும் வாங்கிய பிறகு தலையில் கைவைத்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சுகாதார ஆய்வாளர் வேலைக்கு ஆசைப்படும் தம்பிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வெளியிட்ட சுகாதார ஆய்வாளர் இரண்டாம் நிலை அறிவிப்புகளில் உயிரியல் பாடத்துடன் பிளஸ் டூ, பத்தாம் வகுப்பில் தமிழ், பொதுச் சுகாதாரத் துறை இயக்குநர் வழங்கும் இரண்டாண்டுப் பயிற்சிச் சான்றிதழ் மூன்றையும் கேட்டிருக்கிறார்கள். 'சானிட்டரி இன்ஸ்பெக்டர் டிப்ளமோ' என்று பேருந்து நிலையச் சுவரில் விளம்பரம் ஒட்டியிருக்கும் எல்லா இடமும் அந்தச் சான்றிதழைத் தந்துவிடாது. சேருவதற்கு முன் அந்த நிறுவனத்துக்கு இயக்குநரகத்தின் அங்கீகாரக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் கட்டணத்தைக் கட்டாதீர்கள். இரண்டு வருடமும் அப்பாவின் நெல் காசும் போன பிறகு எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அந்த வயது திரும்பாது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. அறிவிப்பில் 'அவசியத் தகுதி' என்றும் 'விரும்பத்தக்க தகுதி' என்றும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். இரண்டாவது பகுதியில் 'கள ஆய்வில் இரண்டு ஆண்டு அனுபவம்' என்று இருந்தால், நம் பெண்பிள்ளைகள் பலர் அத்தோடு அறிவிப்பை மூடிவிடுகிறார்கள். விரும்பத்தக்கது என்றால் இருந்தால் நல்லது என்றுதான் அர்த்தம். அவசியத் தகுதி இருந்தால் போடுங்கள்.

சான்றிதழை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்பது

பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். போன வருடச் சான்றிதழை அப்படியே ஏற்றிவிட்டு, நிராகரித்துவிட்டார்கள் என்று கடைசி வாரத்தில் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பது வருடா வருடம் நடக்கிறது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு ஒவ்வொரு படியாக ஏறவேண்டும். மேட்டூர் திறக்கும் ஜூன் 12ஐ நம் ஊரில் யாரும் குறித்துவைக்க வேண்டியதில்லை, தானாக நினைவில் இருக்கும். அந்த வாரத்திலேயே சான்றிதழுக்கு எழுதிப்போடுவது என்று வைத்துக்கொண்டால் நல்லது.

காரைக்கால் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று: ஊர் டெல்டாவில் இருந்தாலும் ஆட்சி புதுச்சேரியுடையது. தமிழ்நாட்டு அரசின் உதவித்தொகைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் அங்குள்ள சான்றிதழ் பொருந்துமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது

தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கீழ் மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் எடுக்கும் வேலைகள் பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம். பணி நிரந்தரம் கோர மாட்டேன் என்று உறுதிமொழியும் வாங்குவார்கள். அதனால் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. போங்கள் என்றே சொல்வேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தினமும் காய்ச்சல் கணக்கு எப்படி மேலே போகிறது, அது எங்கே தடைப்படுகிறது என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். அந்தக் கணக்கைத் திரட்டும் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004இல் தொடங்கியது. 2021 முதல் அதன் புதிய இணையத் தளத்தில் பதிவு நடக்கிறது. அந்தத் தரவைக் கையாண்ட அனுபவம் அடுத்த நேர்காணலில் பேசும். ஆனால் பணியிடம் எந்த ஒன்றியம், பயணப்படி உண்டா, விடுப்பு எத்தனை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். 'கொஞ்சம் செலவழித்தால் நிரந்தரமாக்கித் தருகிறேன்' என்று யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வெளிநாட்டு வாய்ப்பென்று வருகிற மின்னஞ்சலும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் பயிற்சிக்கு வருபவர்களிடம் விண்ணப்பம், நேர்காணல், விசா என எந்தக் கட்டத்திலும் பணம் கேட்பதில்லை. 2020 முதல் அவர்களே உதவித்தொகை கொடுக்கிறார்கள். 'பதிவுக் கட்டணம்' என்ற சொல்லைப் பார்த்ததுமே அது மோசடி என்று முடிவு கட்டலாம்.

ஊரைப் பாதி பார்ப்பது

வேலைக்குப் போட்டியிடும்போது உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து உங்கள் ஆய்வேடு. அதில்தான் நாம் அதிகம் தவறு செய்கிறோம்.

முதல் தவறு தலைப்பிலேயே. 'கல்லூரி மாணவர்களிடையே கைப்பேசிப் பழக்கம்' என்று வருடத்துக்குப் பத்துப் பேர் எழுதுகிறார்கள். விடுதிச் சுவருக்கு வெளியே சம்பா வயல், வயலில் எலி, எலியைத் தேடி வரும் பாம்பு. பாம்புக்கடியை உலக சுகாதார நிறுவனம் 2017இல் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் சாவைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2024இல் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ், பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அதாவது மருத்துவமனைகள் இனி இதைக் கணக்குக் காட்டியாக வேண்டும். டெல்டாவில் படிக்கும் ஒருவருக்கு இதைவிடக் கைக்கெட்டும் தலைப்பு எது? இதிலும் மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் ஆஸ்பத்திரி வந்துசேர்ந்தவர்கள்தான் தெரிவார்கள். மந்திரிப்பவரிடம் போனவர்களும் வழியிலேயே போய்ச் சேர்ந்தவர்களும் ஊருக்குள் போய்க் கேட்டால்தான் கிடைப்பார்கள்.

அடுத்தது எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பது. தடுப்பூசி ஆய்வுகளில் 30 கொத்துகள் (கொத்து என்பது குலுக்கலில் வந்த ஓர் ஊரோ தெருப்பகுதியோ), கொத்துக்கு 7 குழந்தைகள், ஆக 210 பேர் என்று ஒரு பழைய முறை உண்டு. ஊரின் நடுவில் நின்று ஒரு திசையைத் தேர்ந்து நடக்கச் சொல்வார்கள். நம் ஊரில் 'நடு' எது? கோயில் வாசலில் பேருந்து நிற்கும், அங்கே இறங்கி நான்கு தெருவைச் சுற்றினால் கணக்கு முடிந்துவிடும். ஆனால் காலனி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வயலைத் தாண்டி இருக்கும். தடுப்பூசி தவறியிருக்க வாய்ப்புள்ள வீடுகள், கழிப்பறை இல்லாத வீடுகள், காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்ட வீடுகள் அங்கும் இருக்கும். அந்தப் பக்கம் கால் வைக்காமல் 'இந்தக் கிராமத்தில் 96 விழுக்காடு' என்று எழுதினால், அது கிராமத்தின் கணக்கல்ல. நாலு தெருவின் கணக்கு. கிளம்பும் முன் கிராம சுகாதார செவிலியரிடம் எல்லாக் குடியிருப்புகளின் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டு, அந்தப் பட்டியலிலிருந்து குலுக்கல் போடுங்கள்.

நேரம் இன்னொரு பொறி. காலை பத்து மணிக்குக் கல்லூரி வேன் ஊருக்குள் நுழையும். நடவுக்கும் களையெடுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் போனவர்கள் மதியம் தாண்டித்தான் வீடு திரும்புவார்கள். காலையில் வீட்டில் இருப்பவர்கள் வயதானவர்களும் உடம்பு சரியில்லாதவர்களும்தான். அவர்களை மட்டும் சோதித்தால் அந்த ஊரில் எல்லோருக்கும் நோய் இருப்பதுபோல் தெரியும். பூட்டிய வீட்டுக்கு மாலையில் ஒருமுறை, ஞாயிறு ஒருமுறை திரும்பப் போக வேண்டும். வேன் கிடைக்காவிட்டால் டவுன் பஸ் இருக்கிறது.

கேள்வித்தாளின் மொழியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். 'உங்களுக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளதா?' என்று கேட்டேன். 'அதெல்லாம் இல்லப்பா' என்றார் ஒருவர். 'பிரஷருக்கு மாத்திரை ஏதும் போடுறீங்களா?' என்று மாற்றிக் கேட்டதும் அட்டையோடு வந்து நின்றார். 'வயிற்றுப்போக்கு' என்றால் சிலர் விழிப்பார்கள். 'பிள்ளைக்கு வயிறு போச்சா?' என்றால் எத்தனை நாள், எத்தனை தடவை என்று கணக்கே வரும். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த கேள்வித்தாளை வேறொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். பிறகு ஆய்வில் சேராத ஒரு தெருவில் பத்துப் பேரிடம் வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள்.

கொசு ஆய்வு செய்பவர்களும் மேல்நிலைத் தொட்டியோடு நின்றுவிடுகிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கொல்லையில் கிடக்கும் உரலிலும் சிரட்டையிலும் ஃபிரிட்ஜின் பின்தட்டிலும் முட்டையிடும். அந்த முட்டை காய்ந்துபோய் மாதக்கணக்கில் கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். எனவே காலியாக இருக்கும் பாத்திரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்புதலும் பெயரும்

ஆய்வால் யாருக்கும் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி தரவு எடுப்பதற்கு முன்னால் வாங்க வேண்டியது. எடுத்து முடித்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று எந்த சீனியர் சொன்னாலும் கேட்காதீர்கள். பின்தேதியிட்ட அனுமதி என்று ஒன்று கிடையாது. அந்த ஆய்வை நல்ல இதழ் எதுவும் ஏற்காது. ஒப்புதல் படிவம் தமிழில், அவர் காதில் விழுகிற மாதிரி படித்துக் காட்டப்பட வேண்டும். ஊராட்சித் தலைவர் சரி என்று சொன்னால் ஊரே சரி என்று சொன்னதாகாது.

பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் போய்விடும் என்று நினைக்கிறோம். ஐம்பது வீடுள்ள கீழத்தெருவில் 'முப்பது வயதுப் பெண், தையல் தொழில், காசநோய்' என்று எழுதினால் ஊரில் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரியும். அந்தப் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முகாமில் எடுத்த படங்களை ஸ்டேட்டஸில் வைப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் கட்டுரையை வெளியிடும் இதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒதுங்குங்கள். அந்தக் காசில் சென்னை தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் படிப்புத் தளத்தின் வழியாக நடத்தும் மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பின் தேர்வை எழுதலாம். படிக்கக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான். புள்ளிவிவரக் கணக்குக்கு 'ஆர்' (R) போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கும்போது திருட்டு மென்பொருள் எதற்கு?

என் ஆய்வில் நான் செய்த ஒரு தவறு இன்னும் உறுத்துகிறது. வலங்கைமான் பக்கம் ஒரு வீட்டில் அறுபது வயது அம்மா ஒருவருக்கு பிரஷர் பார்த்தேன். அளவை என் படிவத்தில் எழுதிக்கொண்டு எழுந்தேன். 'எவ்வளவு இருக்குன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துட்டுப் போ தம்பி, மகன் வந்தா காட்டுவேன்' என்றார். பையில் இருந்ததெல்லாம் என் படிவங்கள், ஒவ்வொன்றிலும் வரிசை எண். ஒரு வெற்றுத் தாள் இல்லை. போகும்போது கூடுதலாக ஒரு சீட்டுக் கட்டு எடுத்துப் போங்கள். தேதி, அளவு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர், 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலரின் பெயர் இவற்றை அதில் எழுதி, கொட்டை எழுத்தில் எழுதி, அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.