எலும்பாக்கும் செல்லில் காஸ்பேஸ்: மாற்றமா, சாவா என்று பிரித்து அளப்பது எப்படி

செல் சாகும்போது புரதங்களை வெட்டும் நொதியான காஸ்பேஸ்-3 ஏறினால் செல் சாகிறது என்று எழுதிவிடுவது வழக்கம். எலும்பு விஷயத்தில் அது சரிப்படாது. இந்த நொதி இல்லாத எலிகளில் எலும்பு உருவாவது தாமதமாகி, தாது அடர்த்தியும் குறைந்ததை 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. முன்னோடிச் செல் ஆஸ்டியோபிளாஸ்டாக (எலும்பாக்கும் செல்லாக) மாறவும் இந்த வெட்டுநொதி ஓரளவு வேலை செய்தாக வேண்டும்.

எலியின் எலும்பு முன்னோடிச் செல் வகையான எம்சி3டி3-இ1 செல்களை வளர்க்கும்போது, மாற்றத்தைத் தூண்டும் அஸ்கார்பிக் அமிலம் இல்லாத ஆல்ஃபா எம்இஎம் (வளர்ப்பு ஊடகம்) வாங்குங்கள். சாதாரண ஆல்ஃபா எம்இஎம்-இல் அது ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் தொடங்கும் முன்பே செல்கள் மாறத் தொடங்கிவிடும், 0-ஆம் நாள் அளவுக்குப் பொருளிருக்காது. தட்டு நிரம்பியதும் 10% சீரம், மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் அஸ்கார்பிக் அமிலம், தாதுப் படிவுக்குப் பாஸ்பேட் தரும் பீட்டா-கிளிசரோபாஸ்பேட் 10 மில்லிமோலார். பிந்தையதை இதற்கு மேல் ஏற்றினால் செல்லின் உதவி இல்லாமலே கால்சியம் பாஸ்பேட் படியும். தாதுப் படிவைக் காட்டும் சாயமான அலிசரின் சிவப்பு அதற்கும் சாயமேற்றும், நீங்கள் ஏமாறுவீர்கள்.

0, 1, 3, 5, 7-ஆம் நாட்களில் மாதிரி எடுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்: மிதக்கும் செல்களைக் கொட்டிவிடுவார்கள், அல்லது ஒட்டியவற்றோடு சேர்த்துக் கரைப்பார்கள். ஊடகத்தை 300 ஜி-இல் 5 நிமிடம் சுழற்றி, மிதந்தவற்றைத் தனியாகக் கரையுங்கள். செயல்பாடு மிதந்தவற்றில் மட்டும் இருந்தால் அது சாவு. ஒட்டிய செல்களில் இருந்து, சாகும் செல்லில் ஒட்டும் அனெக்ஸின் V பிடிக்காமல், காஸ்பேஸ் வெட்டும் பார்ப் புரதம் 116 கிலோடால்டனிலேயே முழுதாக நின்றால் (வெட்டுண்டால் 89-இல் பட்டை வரும்) வேறு கதை: அது மாற்றத்தின் அறிகுறி.

அளவீட்டுக்கு 50 மைக்ரோகிராம் புரதம், 50 மைக்ரோமோலார் ஏசி-டிஇவிடி-ஏஎம்சி (காஸ்பேஸ் வெட்டினால் ஒளிரும் துணுக்கு), புதிதாகச் சேர்த்த 10 மில்லிமோலார் டிடிடி. காஸ்பேஸ் ஒரு சிஸ்டீன் நொதி, அந்தச் சிஸ்டீன் ஆக்சிஜனேறாமல் டிடிடி காக்கும். பழைய டிடிடி போட்டால் செயல்பாடு குறைவாகத் தெரியும். 37 டிகிரியில் 380/460 நானோமீட்டரில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் படித்துச் சாய்வை எடுங்கள். பக்கத்துக் குழியில் ஏசி-டிஇவிடி-சிஎச்ஓ தடுப்பானைப் போட்டு, அங்கு மிஞ்சுவதைக் கழித்துவிடுங்கள். காஸ்பேஸ்-7-உம் இதே தளத்தை வெட்டும் என்பதால் 'காஸ்பேஸ்-3' என்று அடித்துச் சொல்ல, வெஸ்டர்ன் பிளாட்டில் வெட்டுண்ட காஸ்பேஸ்-3-இன் 17 கிலோடால்டன் பட்டையும் வேண்டும். புரத அளவுக்கு பிராட்ஃபோர்டு முறை. இன்னொரு புரத அளவீட்டு முறையான பிசிஏ-வை டிடிடி கெடுக்கும். நேர்மறைக் கட்டுப்பாட்டுக்கு செல் சாவைத் தூண்டும் ஸ்டாரோஸ்போரின் 1 மைக்ரோமோலார், 4 முதல் 6 மணி நேரம்.

செல்களில் காஸ்பேஸைத் தடுக்க இசட்-விஏடி-எஃப்எம்கே 20 மைக்ரோமோலார் போதும். ஆனால் அது கேத்தெப்சின்கள் என்ற வேறு வெட்டுநொதிகளையும் தாக்கும். கியூ-விடி-ஓபிஎச் என்ற இன்னொரு தடுப்பான் நச்சு குறைந்தது. ஒரு தட்டுக்கு முதல் 3 நாளும், இன்னொன்றுக்கு 7-ஆம் நாளுக்குப் பிறகும் கொடுங்கள். ஊடகம் மாற்றும்போதெல்லாம் திரும்பச் சேர்க்க வேண்டும். தடுப்பான் இல்லாத தட்டுக்கும் அதே அளவு டிஎம்எஸ்ஓ (தடுப்பானைக் கரைக்கும் திரவம்). சாவு நின்றால் செல் எண்ணிக்கை கூடும், அதனால் எலும்பாக்கும் செல்லின் அடையாள நொதியான ஆல்கலைன் பாஸ்படேஸை டிஎன்ஏ அளவால் வகுங்கள். முதல் நாட்களில் தடுத்த தட்டில் மட்டும் அந்த விகிதம் விழுந்தால், மாற்றத்தின் தொடக்கத்தில் காஸ்பேஸுக்கு வேலை இருக்கிறது என்று எழுதலாம்.