நீர்க்கரடிக்கு யார் நெருங்கிய சொந்தம்? டிஎன்ஏ வைத்து மரம் போடப் பழகுவோம்

அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஓர் உயிரை நுண்ணோக்கியில் வைத்துக்கொண்டு, இது எந்த இனம் என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. நீர்க்கரடி, ரோட்டிஃபர், உருளைப்புழு, சிலந்திப்பேன் மாதிரியான சிற்றுயிர்களில் ஒவ்வொரு வகைக்குள்ளும் வெவ்வேறு இனங்கள் வெளியே பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே டிஎன்ஏ வேறு கதை சொல்லும். மீன் குஞ்சுகளுக்குத் தீனியாக வளர்க்கப்படும் பிராக்கியோனஸ் பிளிக்காட்டிலிஸ் என்ற ரோட்டிஃபரை வெகுகாலம் ஒரே இனம் என்றுதான் நினைத்திருந்தார்கள். டிஎன்ஏவைப் பார்த்த பிறகு அந்த ஒற்றைப் பெயருக்குள் சுமார் 15 இனங்கள் இருப்பது தெரிந்தது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரம் என்றால் இங்கே எது எதற்குச் சொந்தம் என்று காட்டும் கிளைப்படம். மென்பொருளுக்கு எதைக் கொடுத்தாலும் அது ஒரு மரம் வரைந்து தரும், குப்பையைக் கொடுத்தாலும் அழகான மரமாகத்தான் தரும். அதனால் மரம் வரைவது இங்கே ஒரு நாள் வேலைகூட இல்லை. அதற்கு முன்னால் சுத்தம் செய்வதும், வந்த மரத்தைச் சந்தேகப்படுவதும்தான் வேலை.

படி 1: உயிரைப் பிடித்து வைப்பது

95 சதவீத எத்தனாலில் போடுங்கள், குளிரில் வையுங்கள். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம், அது டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். ஒரு குழாயில் ஒரே ஓர் உயிர். டிஎன்ஏ எடுப்பதற்கு முன்னால் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் இவ்வளவு சிறிய உடலை முழுசாகவே கரைக்க வேண்டியிருக்கும், அப்புறம் "அது எப்படி இருந்தது?" என்று யாராவது கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. நீர்க்கரடி என்றால் பக்குவமாகச் செய்தால் டிஎன்ஏ எடுத்த பிறகும் மேல்தோல் கூடாக மிஞ்சும், அதைக் கண்ணாடித் தகட்டில் பதித்து வைக்கலாம்.

ஆய்வகம் இல்லையா? பரவாயில்லை. ஜென்பேங்க் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் டிஎன்ஏவின் எழுத்து வரிசைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதல் முறை பழகுகிறவர்கள் அங்கேயே தொடங்குவது நல்லது: ஒரே குடும்பத்திலிருந்து 10, 15 வரிசைகள் போதும்.

படி 2: எந்த மரபணு?

இதைக் கடிகார முட்கள் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சிஓஐ மரபணு நொடிமுள், வேகமாக மாறும், அதனால் நெருங்கிய இனங்களைப் பிரித்துக் காட்டும். 18எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு மணிமுள், மெதுவாக நகரும், தூரத்துச் சொந்தங்களைப் பார்க்க உதவும். சிஓஐக்கு 1994இல் வெளிவந்த பொதுவான பிரைமர் (வேண்டிய துண்டின் இரு முனைகளிலும் ஒட்டி அதை நகலெடுக்கத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஜோடி ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, அது தரும் துண்டில் பிரைமரை நீக்கினால் 658 எழுத்துகள் மிஞ்சும். எல்லாக் குழுவிலும் அது ஒட்டாது, ஒட்டாவிட்டால் உங்கள் குழுவுக்கென்று வடிவமைத்த பிரைமரைத் தேட வேண்டியதுதான்.

படி 3: சுத்தம் செய்வது

இதை அவசரப்படாமல் செய்யுங்கள். வரிசையை இரண்டு திசையிலும் படிக்க வையுங்கள், இரண்டையும் ஒப்பிடுங்கள், இரு முனைகளிலும் வரைபடத்தின் மேடு பள்ளம் குழம்பி எழுத்து தெளிவாகத் தெரியாத பகுதியை வெட்டி எறியுங்கள். பிறகு ஒவ்வொரு வரிசையையும் பிளாஸ்ட் தேடலில் போட்டுப் பாருங்கள், தரவுத்தளத்தில் அது எந்த உயிரின் வரிசையோடு ஒத்துப்போகிறது என்று அது காட்டும். சிற்றுயிர் என்று நினைத்து எடுத்தது அது தின்ற பாசியாகவோ, உடம்பில் ஒட்டியிருந்த பாக்டீரியாவாகவோ, சில சமயம் உங்கள் சொந்த டிஎன்ஏவாகவோகூட இருக்கும். சிரிக்காதீர்கள், பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2015இல் ஒரு நீர்க்கரடியின் மரபணுக்களில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பாக்டீரியா போன்ற பிற உயிர்களிடமிருந்து வந்தது என்று ஓர் ஆய்வு வெளியாகிப் பரபரப்பானது. சில நாட்களிலேயே இன்னொரு குழு அதே இனத்தின் தங்கள் தரவை வைத்து, அதில் பெரும்பகுதி வெறும் கலப்படம் என்று காட்டிவிட்டது.

சிஓஐ என்றால் இன்னொரு சோதனையும் உண்டு: அதை அமினோ அமிலங்களாக மொழிபெயர்த்துப் பாருங்கள். மென்பொருளில் 'முதுகெலும்பிலி மைட்டோகாண்ட்ரியா' என்ற 5ஆம் மொழிபெயர்ப்பு அட்டவணையைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், வழக்கமான அட்டவணையில் டிஜிஏ என்ற மூன்றெழுத்து நிறுத்தக் குறி (புரதம் இங்கே முடிகிறது என்பது), இங்கேயோ அது டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம். இதைக் கவனிக்காமல் விட்டால் நல்ல வரிசையிலும் நடுநடுவே நிறுத்தக் குறிகள் தென்பட்டு வீணாகப் பதறுவீர்கள். சரியான அட்டவணையிலும் நடுவில் நிறுத்தக் குறி வந்தால், படித்ததில் பிழை இருக்கலாம், அல்லது எப்போதோ உட்கருவுக்குள் குடியேறி வேலை செய்யாமல் கிடக்கும் ஒரு நகலை நீங்கள் பிடித்திருக்கலாம். அதை எடுத்து ஓரமாக வையுங்கள்.

படி 4: வரிசைகளை அடுக்குவது

அடுக்குவது என்றால் ஒத்த எழுத்துகள் ஒரே நெடுவரிசையில் வரும்படி வரிசைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வைப்பது. எல்லாவற்றையும் ஒரே ஃபாஸ்டா கோப்பில் (பெயரும் வரிசையும் இருக்கும் எளிய எழுத்துக் கோப்பு) போடுங்கள், பெயர்களில் இடைவெளி விடாதீர்கள். அடுக்கித் தரும் மாஃப்ட் மென்பொருள் இணையத்திலேயே ஓடும். சிஓஐ பெரும்பாலும் தொல்லை தராது. 18எஸ்ஸில் நீளம் மாறும் பகுதிகள் வரும், அங்கே அடுக்கு தாறுமாறாக இருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுவது நேர்மையானது. எதுவானாலும் அடுக்கைக் காட்டும் அலிவியூ மாதிரி மென்பொருள் ஒன்றில் திறந்து கண்ணால் பாருங்கள்.

நான் பார்க்கவில்லை. என் முதல் மரத்தில் ஒரு நீர்க்கரடி மட்டும் மற்ற எல்லாவற்றையும் விட்டு எங்கோ தூரத்தில் நின்றது, புது இனம் கிடைத்துவிட்டது என்று இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் அடுக்கைத் திறந்து பார்த்தால் அந்த ஒரு வரிசை மட்டும் தலைகீழ் திசையில் கிடந்தது. மாஃப்டில் திசையைத் தானாகச் சரிசெய்யும் ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

படி 5: வெளிக்குழு, பிறகு மரம்

வெளிக்குழு என்பது உங்கள் குழுவைச் சேராத, ஆனால் ரொம்ப தூரமும் இல்லாத ஒரு சொந்தம். அது இல்லாவிட்டால் மரத்துக்கு வேர் எது என்று தெரியாது. ஒரு பேரினத்தைப் பார்க்கிறீர்கள் என்றால் அதே குடும்பத்தின் வேறொரு பேரினத்தை எடுங்கள்.

மரம் போடும் ஐக்யூ-ட்ரீ மென்பொருளில் அடுக்கைக் கொடுத்து, டிஎன்ஏ எழுத்துகள் எப்படி மாறுகின்றன என்பதற்குப் பொருத்தமான கணக்கு மாதிரியை அதையே தேடச் சொல்லி, அதிவேக பூட்ஸ்ட்ராப் (தரவை மறுபடி மறுபடி கலைத்தெடுத்து ஒவ்வொரு கிளையும் எவ்வளவு உறுதி என்று பார்ப்பது) 1000 என்று வைத்து ஓட விடுங்கள். 15 வரிசைகளுக்குச் சில நிமிடங்கள்தான். முடிவை மரத்தைப் படமாகக் காட்டும் ஃபிக்ட்ரீயில் திறக்கலாம்.

படி 6: படிப்பது

கிளைநுனிகள் மேலிருந்து கீழாக எந்த ஒழுங்கில் இருக்கின்றன என்பதற்கு அர்த்தமே இல்லை, எந்தக் கணுவையும் (கிளை பிரியும் இடம்) சுழற்றலாம். பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாலேயே இரண்டும் சொந்தம் ஆகிவிடாது, அவை எந்தக் கணுவில் சேருகின்றன என்று பாருங்கள். கணுவில் எழுதியிருக்கும் எண், அதிவேக முறையில் 95க்கு மேல் இருந்தால் நம்பலாம். பழைய பூட்ஸ்ட்ராப்பில் 70 என்றால் பலர் ஏற்பார்கள், இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

நீண்ட கிளைகளிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். வேகமாக மாறும் இரண்டு உயிர்கள், சொந்தமே இல்லாவிட்டாலும், மரத்தில் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். உருளைப்புழுக்கள் இதற்கு நல்ல உதாரணம்: வேகமாக மாறிய இனங்களை வைத்து 18எஸ் மரம் போட்டபோது அவை விலங்குகளின் அடிவாரத்துக்குப் போய்விட்டன. 1997இல் ஒரு குழு மெதுவாக மாறும் திரைக்கினெல்லா என்ற உருளைப்புழுவைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தது, உருளைப்புழுக்கள் பூச்சிகளோடும் நீர்க்கரடிகளோடும் சேர்ந்து, தோலுரிக்கும் விலங்குகள் என்ற ஒரே கூட்டமாக நின்றன. அந்தக் கூட்டத்தின் பெயர்தான் எக்டைசோசோவா.

சிஓஐ மரத்தையும் 18எஸ் மரத்தையும் தனித்தனியாகப் போட்டு அருகருகே வையுங்கள். இரண்டும் முரண்பட்டால் உடனே வரிசைகளை ஒட்டிச் சேர்த்து மூன்றாவது மரம் போட்டு முரணை மறைக்க வேண்டாம். முதலில் எண்கள் பலமாக இருக்கும் கணுக்களில்தான் முரணா என்று பாருங்கள், பலவீனமான கணுக்களில் என்றால் அது முரணே இல்லை, தரவு போதவில்லை அவ்வளவுதான். பலமான கணுவில்தான் முரண் என்றால் திரும்பப் படி 3க்குப் போய், அந்த ஒரு வரிசையை மறுபடி பிளாஸ்ட் செய்யுங்கள்.